'பாய்காட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது?

எதிர்ப்பைக் காட்டுவதற்காக ஒருவரோடோ ஒன்றோடோ கொடுக்கல் வாங்கலை நிறுத்திக்கொள்வதுதான் 'பாய்காட்'. தமிழில் புறக்கணி, பழைய பத்திரிகைத் தமிழில் பகிஷ்கரி. சோம்பலில் கூட்டத்துக்குப் போகாமல் இருந்தால் அது பாய்காட் ஆகாது. அரசு ஒரு பொருளைத் தடுத்தால் அது 'பேன்', அதாவது தடை. பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

சொல் ஓர் ஆளின் பெயர். சார்ல்ஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்ட். 1880இல் விளைச்சல் பொய்த்தது. குத்தகைதாரர்கள் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள், பிரபு 10க்கு மேல் இறங்கவில்லை. பாய்காட் வெளியேற்ற நோட்டீஸோடு கிளம்பியதும் ஊரே ஒதுங்கிக்கொண்டது. வேலைக்காரர்கள் போய்விட்டார்கள், கடைக்காரர் சாமான் தர மறுத்தார். கடைசியில் கிழங்கு பிடுங்க வெளியூரிலிருந்து சுமார் 50 பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்களும் போலீஸாரும்! அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பத்திரிகைகள் அவர் பெயரை வினைச்சொல்லாக்கிவிட்டன.

எழுதும்போது: இது செயப்படுபொருளை நேராக ஏற்கும். 'தே பாய்காட்டட் த மீட்டிங்' சரி. நடுவே 'ஃப்ரம்' போட்டால் தவறு. பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் 'பாய்காட் ஆஃப்'.