குதிரைப்பாதையில் சைக்கிள்: இங்கிலாந்து பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ரெடிங்கில் ஐடி வேலை பார்க்கிறேன். ஆறு மாதம் முன்பு ஒரு பழைய மவுண்டன் பைக் வாங்கினேன், முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன். சரித்திர இடங்கள் பார்க்கப் பிடிக்கும், ஆனால் காரை எடுத்து, பார்க்கிங் தேடி, டிக்கெட் வரிசையில் நின்று அலுத்துவிட்டது. சைக்கிளிலேயே போய்ப் பார்க்கும்படி ஒரு பாதை சொல்லுங்கள் சார்.
– வாசகர், ரெடிங்

பதில்: நல்ல ஊரில் இருக்கிறீர்கள் தம்பி. நீங்கள் கேட்கிற பாதை உங்கள் ஊர் வழியாகவே போகிறது. அதன் பெயர் கிங் ஆல்ஃப்ரெட்ஸ் வே. சைக்கிளிங் யூகே அமைப்பு 2020இல் அறிவித்த 350 கிலோமீட்டர் வட்டப் பாதை அது. வின்செஸ்டரில் ஆல்ஃப்ரெட் மன்னரின் சிலையிலிருந்து தொடங்கி சால்ஸ்பரி, ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி, ரெடிங், ஃபார்னம் என்று சுற்றி மறுபடியும் வின்செஸ்டருக்கே வந்து சேரும். வட்டம்தானே, எங்கே வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். உங்கள் சைக்கிளே போதும், பின்பக்க சஸ்பென்ஷன் எல்லாம் இந்தப் பாதைக்குத் தேவையில்லை.

முழுச் சுற்றையும் முதலிலேயே நினைக்க வேண்டாம். ஒரு சனி, ஞாயிறை மட்டும் ஒதுக்குங்கள். ரெடிங்கிலிருந்து தேம்ஸ் நதியை ஒட்டி ஸ்ட்ரீட்லி வரை போய், அங்கே மேற்கே திரும்பி ரிட்ஜ்வேயில் ஏறிவிடுங்கள். அங்கிருந்து, பழங்காலக் கல் வட்டம் இருக்கும் ஏவ்பரிக்குப் பக்கத்தில் ஓவர்ட்டன் ஹில் வரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர், முழுக்க சைக்கிளுக்கு அனுமதி உள்ள பாதை. பிரிட்டனின் மிகப் பழைய சாலை என்று இதைச் சொல்வார்கள், ஐயாயிரம் ஆண்டுகளாக ஆளும் ஆடும் மாடும் நடந்த தடம். ஏன் குன்றின் முதுகில் போட்டார்கள் என்று ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பீர்கள். கீழே பள்ளத்தாக்கில் களிமண்ணும் சதுப்பும் காடும் இருந்தன, மழை பெய்தால் கால் புதையும். மேலே சீமைச் சுண்ணாம்புப் பாறை, நம் பள்ளிக்கூட சாக்பீஸ் போல வெள்ளையாக இருக்கும், தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும். ஈரம் தங்காத வழியைத் தேடித்தான் ஆட்கள் மேலே நடந்தார்கள், அதே காரணத்துக்காகத்தான் இன்று நாமும் அங்கே டயரை உருட்டுகிறோம். அதனால் ஏவ்பரிக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஸ்ட்ரீட்லியிலேயே சரித்திரத்தின் மேல் ஏறிவிட்டீர்கள்.

ஏறக்குறைய பாதி வழியில் அஃபிங்டன் வெள்ளைக் குதிரை வரும். புல்லைச் செதுக்கி, பள்ளம் தோண்டி, அதில் சுண்ணாம்பை நிரப்பி வரைந்த குதிரை, 110 மீட்டர் நீளம், வயது ஏறக்குறைய 3,000 ஆண்டுகள். பக்கத்தில் நின்று பார்த்தால் முழு உருவம் பிடிபடாது, நாலைந்து வளைந்த கோடுகள்தான் தெரியும். எனக்கு வியப்பு தருவது அதன் வயதைவிட வேறொன்று. சில ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் புல் மூடிவிடும். அப்படியென்றால் மூவாயிரம் ஆண்டுகளாக, மதம் மாறி, மொழி மாறி, ஆட்சி மாறியும், யாரோ ஒருவர் வந்து அதைச் சுத்தம் செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள்! இப்போதும் கோடைகாலத்தில் தன்னார்வலர்கள் முட்டி போட்டு உட்கார்ந்து புதுச் சுண்ணாம்பை இடித்து நிரப்புகிறார்கள்.

அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வேலண்ட்ஸ் ஸ்மித்தி. மரங்கள் சூழ்ந்த, 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல்லறை. லாடம் கழன்ற குதிரையை இரவில் இங்கே கட்டிவிட்டு ஒரு காசு வைத்துவிட்டுப் போனால், காலையில் வேலண்ட் என்ற கொல்லன் லாடம் அடித்து வைத்திருப்பான் என்று ஊர்க்கதை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க இதைவிட நல்ல இடம் அந்தப் பாதையில் இல்லை.

கடைசியில் ஏவ்பரி. ஸ்டோன்ஹெஞ்சில் சாதாரணமாகக் கற்களிலிருந்து தள்ளித்தான் நிற்க விடுவார்கள், இங்கே கல்லைத் தொட்டுப் பார்க்கலாம், சாய்ந்து உட்காரலாம். உலகிலேயே பெரிய கல் வட்டம் இதுதான், ஒரு கிராமத்தின் பாதியே அதற்குள் இருக்கிறது. நடுக்காலத்தில் ஊர்க்காரர்கள் பல கற்களைச் சாய்த்துப் புதைத்துவிட்டார்கள். 1930களில் அலெக்சாண்டர் கெய்லர் என்ற மர்மலேட் (ஆரஞ்சுப் பழ ஜாம்) கம்பெனிக் குடும்பத்து வாரிசு, சொந்தப் பணத்தில் அவற்றைத் தோண்டி மறுபடி நிறுத்தினார். ஒரு கல்லின் கீழே ஓர் ஆளின் எலும்புக்கூடு கிடைத்தது, கூடவே கத்தரிக்கோலும் பதினான்காம் நூற்றாண்டு நாணயங்களும். அந்தக் கல்லைப் பார்க்காமல் வராதீர்கள். திரும்புவதற்கு ஸ்விண்டன் ஸ்டேஷனுக்குப் போனால் ரெடிங்குக்கு நேர் ரயில் உண்டு, சைக்கிளுக்கு இடம் முன்பதிவு செய்ய வேண்டுமா என்று மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, போன மாதம் ஒரு வயல் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். நாயோடு வந்த ஒரு பெரியவர் "இது சைக்கிள் பாதை இல்லை" என்று சத்தம் போட்டார். பக்கத்து ஊரில் அதே மாதிரிப் பாதையில் எல்லோரும் ஓட்டுகிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சட்டம் என்னதான் சொல்கிறது?
– வாசகர், ஹாரோ

பதில்: பெரும்பாலும் அந்தப் பெரியவர் சொன்னதுதான் சரியாக இருக்கும் தம்பி. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இங்கிலாந்தில் கிராமப் பாதைகளுக்கு வகை உண்டு. ஃபுட்பாத் என்றால் நடக்க மட்டும். பிரைடில்வே என்றால் குதிரைப்பாதை, அதில் 1968ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம் சைக்கிளுக்கும் உரிமை கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு கொடுத்தது: நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் நாம் வழிவிட வேண்டும்.

கேட்டிலும் கம்பத்திலும் இருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள். மஞ்சள் அம்பு ஃபுட்பாத், சைக்கிளை ஏறி மிதிக்காதீர்கள். நீலம் குதிரைப்பாதை, போகலாம். ஊதாவும் சிவப்பும் பைவே, அதாவது கிராமத்து வண்டிப்பாதை வகைகள், அதிலும் போகலாம். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை வரைபடத்தில் நீளமான பச்சைக் கோடுகள் விட்டுவிட்டு வந்தால் குதிரைப்பாதை, குட்டிக் கோடுகள் என்றால் ஃபுட்பாத். கிளம்பும் முன் அரை மணி நேரம் அதோடு உட்கார்ந்தால் வழியில் யாரோடும் வாக்குவாதம் வராது. ஃபுட்பாத்தில் ஓட்டினால் பொதுவாகப் போலீஸ் வழக்கு ஆகாது, நில உரிமையாளருக்கும் உங்களுக்கும் இடையிலான அத்துமீறல் விவகாரம்தான், ஆனாலும் ஓட்டாதீர்கள். நாம் அனுபவிக்கிற இந்த உரிமை ஒவ்வொரு விவசாயியின் பொறுமையிலும் கொஞ்சம் தொங்குகிறது.

இன்னொன்று, குதிரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் போகவே கூடாது. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து ஒரு "ஹலோ" சொல்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது. ஸ்காட்லாந்துக்குப் போனால் சட்டம் வேறு, அங்கே இன்னும் தாராளம்.

கேள்வி: மகள் ஷெஃபீல்டில் படிக்கிறாள். டிசம்பரில் போகிறோம். எனக்கு 58 வயது, தினமும் சைக்கிள் ஓட்டுகிறவன்தான். மலைப்பாதை ஏதாவது முயன்று பார்க்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: டிசம்பரில் மலைப்பாதை வேண்டாம் ஐயா. பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது, ஈரக் கல்லில் டயர் நிற்காது. ஆனால் ஷெஃபீல்டிலிருந்து பக்கத்திலேயே பீக் டிஸ்ட்ரிக்டில் மான்சால் டிரெயில் இருக்கிறது. 1968இல் மூடிய ரயில் தடத்தின்மேல் போட்ட பாதை, 13 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், கிட்டத்தட்ட சமதளம். 2011இல் நான்கு பெரிய சுரங்கங்களையும் திறந்துவிட்டார்கள், விளக்கு உண்டு, ஆனாலும் மாலையில் அணைத்துவிடுவார்கள் என்பதால் சைக்கிளில் ஒரு விளக்கு இருக்கட்டும்.

கோவைக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். வழியில் கீழே வை நதிக்கரையில் கிரெஸ்புரூக், லிட்டன் என்று இரண்டு பழைய பஞ்சு மில்கள் தெரியும், நதித் தண்ணீரின் வேகத்தில் சக்கரம் சுற்றி நூல் நூற்றவை. லிட்டன் மில்லுக்கு ஏழையர் விடுதிகளிலிருந்து சிறுவர்களைக் கொண்டுவந்து கொடுமையாக வேலை வாங்கினார்கள், பலர் அங்கேயே செத்தும் போனார்கள். இன்று அது அழகான அடுக்குமாடி வீடு. நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: சவுத் டவுன்ஸ் வே முழுவதும் ஓட்டத் தோழிகள் மூன்று பேர் திட்டமிடுகிறோம். எத்தனை நாள் ஆகும்? டெண்ட் போடலாமா? வழியில் நம் நாட்டோடு சம்பந்தப்பட்ட இடம் ஏதாவது உண்டா?
– வாசகி, சவுத்தாம்ப்டன்

பதில்: வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர், முழுக்க சைக்கிளுக்கு அனுமதி. ஒரே நாளில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 4,000 மீட்டர் வரும், பார்க்கச் சின்னக் குன்றுகள் என்று ஏமாறாதீர்கள். பாதையில் கிடக்கும் சிக்கிமுக்கிக் கல் பிளேடு மாதிரி டயரைக் கிழிக்கும், டியூப் இல்லாத டயரில் சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றி எடுத்துப்போனால் பாதித் தொல்லை தீரும். நில உரிமையாளரைக் கேட்காமல் டெண்ட் போட முடியாது, முகாம் தளமோ விடுதியோ முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

சரி, உங்கள் மூன்றாவது கேள்வி. உண்டு, அதற்காகவே இந்தப் பாதை எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட நெருக்கம். முதல் உலகப் போரில் காயமடைந்த இந்தியச் சிப்பாய்களை பிரான்சிலிருந்து பிரைட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். 1914 கடைசியில் அங்கிருந்த ராயல் பெவிலியன் அரண்மனையே ஆஸ்பத்திரியாக மாறியது. சாதி, மத வழக்கங்களுக்கு ஏற்ப ஒன்பது சமையலறைகள் வைத்தார்கள், தண்ணீர்க் குழாய்கூடத் தனித்தனி. பிரைட்டனில் இறந்த இந்துக்கள், சீக்கியர்கள் 53 பேரை ஊருக்கு மேலே, பேச்சம் அருகே மேய்ச்சல் குன்றில் தகனம் செய்தார்கள். முஸ்லிம் வீரர்களை வோக்கிங்கில் அடக்கம் செய்தார்கள். தகனம் நடந்த அதே இடத்தில் 1921 பிப்ரவரி 1ஆம் தேதி திறந்ததுதான் சத்ரி, எட்டுத் தூண்களும் குவிமாடமுமாக வெள்ளைச் சலவைக்கல் மண்டபம். வரைந்தவர் பம்பாயைச் சேர்ந்த ஹென்ரிக்ஸ் என்ற இளம் கட்டடக்கலைஞர். இறந்தவர்களின் பெயர்கள் அங்கே கல்லில் ஏற 2010 வரை ஆனது.

கார் அங்கே போகாது, குதிரைப்பாதை மட்டும்தான். டிச்லிங் பீக்கன் குன்றுக்கும் ஜாக், ஜில் என்ற இரண்டு காற்றாலைகளுக்கும் இடையே பிரைட்டன் பக்கம் தெற்கே இறங்கும் பாதையை வரைபடத்தில் பாருங்கள், சத்ரி என்றே போட்டிருக்கும். நான் போனபோது சுற்றிலும் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, தூரத்தில் கடல் தெரிந்தது, வேறு யாரும் இல்லை. ஊர்ப் பெயர் தெரியாத அந்தப் பையன்களுக்காகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு ஜூனிலும் அங்கே அஞ்சலிக் கூட்டம் நடக்கிறது. உங்கள் பயணத் தேதியை அதற்கு ஏற்ப வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். கைப்பிடி அளவு பூ எடுத்துப்போனால் பையில் இடம் அடைக்காது.