நெடுந்தூர ஓட்டமும் வேகப்பயிற்சியும்: கேள்வி-பதில்

சித்திரைப் புத்தாண்டு மரதன் முடிந்த கையோடு வந்த கேள்விகள் இவை. பலரும் ஒரே விஷயத்தைக் கேட்டிருப்பதால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தினமும் 10 கிலோமீற்றர் ஓடுகிறேன். ஒரு வருடமாக 55 நிமிடத்திலேயே நிற்கிறது. அரை மரதன் ஓட ஆசை. வேகப்பயிற்சி செய்தால் நேரம் குறையுமா? (கல்லடி)

குறையும் தம்பி. ஆனால் முதலில் மாற்ற வேண்டியது மற்ற நாட்களைத்தான். கிலோமீற்றருக்கு ஐந்தரை நிமிடம் என்று தினமும் ஒரே வேகத்தில் ஓடுகிறீர்கள். அது உங்களைக் களைக்க வைக்கப் போதும், இதயத்தையும் நுரையீரலையும் உச்சம்வரை வேலை வாங்கப் போதாது. நம் கரையோர இளைஞர்களில் பாதிப்பேர் இந்த நடுவேகத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சாதாரண நாட்களில் கிலோமீற்றருக்கு ஆறேகால் முதல் ஆறேமுக்கால் நிமிடத்துக்கு இறங்குங்கள். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வாரத்தில் ஓடும் நேரத்தில் ஏறத்தாழ 80 வீதம் இப்படித்தான் போக வேண்டும். வெட்கப்படாதீர்கள், உலகின் முன்னணி ஓட்ட வீரர்களும் அப்படித்தான் பயிற்சி செய்கிறார்கள்.

கால் இப்படித் தெளிந்த பிறகு செவ்வாய்க்கிழமை வேகநாள். 15 நிமிடம் மெதுவோட்டம், பிறகு 80 மீற்றர் அளவில் நான்கு முறை நீட்டி ஓடிப் பாருங்கள். அப்புறம் 800 மீற்றரை நான்கு நிமிட அளவில் ஐந்து முறை, ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு மூன்று நிமிட மெதுவோட்டம். ஐந்தாவது ஓட்டமும் முதலாவதின் நேரத்திலேயே முடிய வேண்டும். பத்து செக்கன் பிந்தினால் முதலாவதை அவசரப்பட்டு ஓடியிருக்கிறீர்கள். ‘இன்னும் ஒன்று ஓடலாம்’ என்று தோன்றும்போதே வீட்டுக்குப் போங்கள்.

முதல் நான்கு வாரம் இந்த ஒரு நாள் போதும். பிறகு வெள்ளிக்கிழமையில் 20 நிமிடத் தொடர் ஓட்டம் சேருங்கள், கிலோமீற்றருக்கு ஐந்தேகால் நிமிடத்தை ஒட்டி. ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் அது. அரை மரதனுக்கு என்னைக் கேட்டால் செவ்வாயைவிட இந்த வெள்ளிதான் முக்கியம். ஞாயிறு நீண்ட ஓட்டம்: 12 கிலோமீற்றரில் தொடங்கி மெல்ல மெல்ல 16, 18 என்று கூட்டுங்கள்.

42 கிலோமீற்றர் ஓடுபவனுக்கு 400 மீற்றர் வேகம் எதற்கு? நண்பர் ஒருவர் வாரம் மூன்று நாள் இருபது தடவை ஓடச் சொல்கிறார். (களுவாஞ்சிக்குடி)

2023இல் சிக்காகோவில் கென்ய வீரர் கெல்வின் கிப்டம் மரதனை 2 மணி 35 செக்கனில் முடித்தார். கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு 400 மீற்றரும் 69 செக்கனுக்குள், அதுவும் நூற்றைந்து தடவைக்கு மேல், நிற்காமல். ஒரே ஒரு சுற்றை 80 செக்கனில் ஓடவே திணறுபவருக்கு 100 செக்கன் வேகம் சுலபமாக இருக்காது. வேகம் தேவைப்படுவது அதனால்தான்.

உங்கள் நண்பர் எமில் ஸாடொபெக்கை நினைத்துச் சொல்லியிருப்பார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000, மரதன் மூன்றிலும் தங்கம் வென்றவர், 400 மீற்றரைத் திரும்பத் திரும்ப ஓடியே வளர்ந்தவர். ஆனால் அவருக்குப் பின்னால் பல வருடப் பயிற்சி இருந்தது. நீங்கள் வாரம் ஒரு நாள், எட்டுத் தடவையோடு நிறுத்துங்கள்.

எங்கள் ஊரில் 400 மீற்றர் ஓடுபாதை இல்லை. பாடசாலை மைதானமும் சின்னது. கடற்கரையில் ஓடலாமா? (திருக்கோவில்)

மெதுவோட்டத்துக்கு ஓடலாம், வேகத்துக்கு வேண்டாம். ஈரமணல் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும். இடுப்பும் முழங்காலும் அதைத் தாங்க வேண்டும். போன பாதையிலேயே திரும்பி வந்தால் பாரம் இரு காலுக்கும் பங்காகும்.

வேகப்பயிற்சிக்கு ஓடுபாதை கட்டாயமில்லை. 1930களில் சுவீடனின் பயிற்றுவிப்பாளர் கொஸ்டா ஹோல்மர் தன் வீரர்களைக் காட்டுப்பாதையில் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட வைத்தார். ஃபார்ட்லெக் என்பது அதுதான். வயல் வீதியில் இரண்டு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெதுவாக, எட்டு முறை. தூரம் அளக்கவே வேண்டாம், கடிகாரம் போதும். மேடு வேண்டுமென்றால் குளக்கட்டில் ஏறும் பாதை இருக்கிறதே: பத்து செக்கன் பாய்ச்சல், நடந்து இறக்கம்.

கச்சான் காற்று வெக்கையாக வீசும் நாட்களில் அதே வேகம் வருவதில்லை. பலவீனமா? (ஏறாவூர்)

இல்லை. உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குப் போகிறது, தசைக்குப் போவது குறைகிறது, இதயத்துடிப்பு ஏறுகிறது. அந்த நாட்களில் கடிகாரத்தை விட்டுவிட்டு மூச்சைக் கவனியுங்கள். 800ஐ 400 ஆக்குங்கள், இடையில் ஓய்வைக் கூட்டுங்கள். வெக்கைக்கு உடம்பு பழக இரண்டு வாரமளவில் ஆகும். விடியமுன் ஐந்து மணியே நல்லது. நீண்ட ஓட்டத்தில் தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்காதீர்கள், உப்பும் உள்ளே போக வேண்டும்.

கூட ஓடுபவர் தள்ளாடினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெறும் களைப்பல்ல. நிழலில் கிடத்தி உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

நோன்பு காலத்தில் வேகப்பயிற்சியை நிறுத்தவா? (சாய்ந்தமருது)

நோன்போடு வேண்டாம். இஃப்தாருக்கு முன் அரை மணி நேர மெதுவோட்டம் சரி. வேகநாளை வாரம் ஒன்றாக, பாதி அளவாகக் குறைத்துத் தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதத்தில் கையில் இருப்பது போகாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

வேக ஓட்டம் தொடங்கியதிலிருந்து முன்னங்கால் எலும்பு வலிக்கிறது. (அக்கரைப்பற்று)

எலும்போரம் நீளமாக வலித்து, ஓடி உடம்பு சூடானதும் குறைந்தால் வேகத்தை மூன்று வாரம் நிறுத்தி, தேய்ந்த சப்பாத்தை மாற்றுங்கள். ஒரு விரலால் தொட்டுக் காட்டும் இடத்தில் மட்டும் வலித்து, இரவிலும் விடாவிட்டால் எலும்பில் கீறல் இருக்கலாம். ஓடவே வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

மகளுக்கு வயது 16. பாடசாலைக்காக 1500 மீற்றர் ஓடுகிறாள். மெலிந்துவிட்டாள், மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. கடும் பயிற்சியில் இது வழமை என்கிறார்கள். (ஆரையம்பதி)

வழமை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் அம்மா. ஓட்டத்துக்குச் செலவாகும் அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதற்கு அது பெரிய அறிகுறி. எலும்பு பலப்பட வேண்டிய வயதில் எலும்பு தேயும். இந்த வாரமே வைத்தியரைப் பாருங்கள், வேகப்பயிற்சியை அதுவரை நிறுத்துங்கள். காலையில் வெறும் தேநீரோடு மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். பயிற்றுவிப்பாளரிடம் நீங்களே நேரில் பேசுங்கள். பிள்ளை கூச்சத்தில் சொல்லமாட்டாள்.

போட்டி வாரத்தில் வேகப்பயிற்சி உண்டா? (பொத்துவில்)

உண்டு, கொஞ்சமாக. ஞாயிறு போட்டி என்றால் புதன்கிழமை நான்கு தடவை 400 மீற்றர், போட்டி வேகத்தில். வெள்ளி ஓய்வு. சனி 20 நிமிட மெதுவோட்டம், புதுச் சப்பாத்து மட்டும் போடாதீர்கள்.