சுவிஸில் விழுந்த வேகத் தண்டப்பணம்: ஊருக்கு வந்த பிறகு கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: தங்கையைப் பார்க்க சுவிஸ் போனபோது வாடகைக் கார் எடுத்து ஓடினேன். இப்போது கல்லடி வீட்டுக்கு ஜெர்மன் மொழியில் கடிதம் வந்திருக்கிறது. 50 வலயத்தில் 8 கிலோமீற்றர் கூடுதலாக ஓடியதற்கு 120 பிராங் கட்டட்டாம். கார் கொம்பனியும் என் கார்டில் ஏற்கனவே காசு எடுத்துவிட்டது. "நாட்டுக்கு வந்தாச்சு, பேசாமல் விடு" என்கிறார் மச்சான். விடலாமா?

பதில்: விடாதீர்கள், கட்டிவிடுங்கள்.

முதலில் அந்தக் கார்டுக் காசு. அது தண்டப்பணம் இல்லை. உங்கள் பெயரையும் விலாசத்தையும் பொலிஸுக்குக் கொடுத்த வேலைக்காகக் கொம்பனி எடுக்கும் கட்டணம் அது. 'ஒருதரம் கட்டியாச்சே' என்று நினைத்து உண்மையான கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுவிடுபவர்கள் பலர். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மச்சான் சொல்வதில் பாதி சரி. சுவிஸும் ஜெர்மனியும் 2024 மே மாதத்திலிருந்து ஒருவர் தண்டப்பணத்தை மற்றவர் அறவிட உதவுகிறார்கள். இலங்கையோடு அப்படியில்லை; மட்டக்களப்புப் பொலிஸ் இந்த 120 பிராங்குக்காக உங்கள் படலையைத் தட்டப் போவதில்லை. ஆனால் கணக்கு அங்கே திறந்தபடியே கிடக்கும். கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் கட்டினால் வேறு செலவே இல்லை. தவறினால் விடயம் வழமையான குற்ற நடைமுறைக்குப் போய், தண்டப்பணத்தோடு நடைமுறைச் செலவும் சேர்த்து ஒரு தண்டனைக் கட்டளை வரும். அதற்கு 10 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் அதுவே தீர்ப்பு. அதையும் கட்டாவிட்டால், சுவிஸ் குற்றவியல் சட்டப்படி தண்டப்பணத்துக்குப் பதிலாக 1 நாள் முதல் 3 மாதம் வரையான சிறையாக அது மாறலாம்.

தங்கை அங்கே இருக்கிறா. நாளைக்கு மருமகளின் சாமத்திய வீடு என்றால் போகாமல் இருப்பீர்களா? சூரிச் விமான நிலையத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தி வைத்து விசாரிக்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது. அப்புறம், பிரித்தானிய விசாப் படிவத்தில், எந்த நாட்டிலாவது வாகனம் ஓட்டிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றீர்களா என்றே ஒரு கேள்வி உண்டு.

நல்லகாலம், நீங்கள் ஓடியது வாடகைக் கார். தங்கை வீட்டுக் கார் என்றால் கடிதம் அவர்கள் வீட்டுக்குத்தான் போயிருக்கும். ஓடியவர் யாரென்று தெரியாவிட்டால் தண்டப்பணம் வாகனச் சொந்தக்காரர் தலையில்தான் விழும். உறவினர் காரை எடுத்து ஓடுபவர்கள் இதை மனதில் வைத்திருங்கள்.

ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து கத்தார் போய் வாகனம் ஓடும் தம்பிமாருக்கும் ஒரு சொல்: 2024 செப்டம்பரிலிருந்து அங்கே போக்குவரத்துத் தண்டப்பணம் பாக்கியிருந்தால் அதைக் கட்டாமல் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. பயணத்துக்கு முதல் நாள் அல்ல, டிக்கெட் போடும்போதே பாருங்கள்.

சரி, எப்படிக் கட்டுவது? குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடவே வேண்டாம். கடிதத்தில் எந்த மாநிலப் பொலிஸ் என்று பார்த்து, அவர்களுடைய இணையத்தளத்தை நீங்களாகவே தேடித் திறவுங்கள். பல மாநிலங்களில் கார்டால் கட்டலாம். இல்லையென்றால் கடிதத்திலுள்ள கணக்குக்கு வங்கி மூலம் அனுப்பலாம். தண்டப்பண இலக்கத்தை மறக்காமல் எழுதுங்கள், வங்கிக் கட்டணம் அந்த 120 இலிருந்து கழியாதபடி சொல்லி அனுப்புங்கள். அந்த நேரம் காரை ஓடியது வேறு யாராவது என்றால், அவருடைய பெயரையும் விலாசத்தையும் அதே 30 நாளுக்குள் எழுதிப் போடுங்கள். பற்றுச்சீட்டைப் படமெடுத்துத் தங்கைக்கும் அனுப்பி வையுங்கள்.