'இ.ஆர்.' தொடரில் செவிலியர் கேரல் ஹாத்தவே முதல் அத்தியாயத்திலேயே இறப்பதாக இருந்ததா?

ஆம். 1994இல் தொடங்கிய இந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், தற்கொலைக்கு முயன்ற கேரல், தான் வேலை பார்க்கும் சிகாகோ மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே தூக்கிவரப்படுகிறார். அத்தோடு அவர் கதை முடிவதாகத்தான் திட்டம். ஒளிபரப்புக்கு முன் பார்த்தவர்களுக்கு அவரைப் பிடித்துப்போனதால் பிழைக்க வைத்தார்கள். அவராக நடித்த ஜூலியானா மார்குலீஸ் 1995இல் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றார்.

கும்பகோணத்தில் செவிலியராக இருக்கும் எனக்கு நெஞ்சில் நிற்பது வேறொன்று. மருத்துவப் படிப்புக்கான தேர்வை நன்றாக எழுதியும், கேரல் செவிலியராகவே இருக்க முடிவு செய்கிறார். அறுவடை நாட்களில் வயலிலிருந்து பாம்புக்கடியோடு வருபவரின் கையை முதலில் பற்றுகிறவர்களுக்கு அந்த முடிவு புரியும். நம் தொடர்களில் செவிலியர் பெரும்பாலும் தட்டை ஏந்தி ஓரமாக நிற்கிறார். கேரலோ மருத்துவரிடம் எதிர்க்கேள்வி கேட்கிறார்.