வேதியியல்காரருக்குப் பானை ஓட்டில் என்ன வேலை? – கேள்வி பதில்

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் நடத்தினேன். அதில் பாதிக்கு மேல் பழைய பானை ஓடுகளோடு கழிந்தது. அதனால்தானோ என்னவோ, இரண்டு துறைகளுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். துறைகளை இணைக்கும் படிப்பும் ஆய்வும் பற்றி இம்முறை வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை.

பல்துறை, துறையிடை என்ற இரண்டு சொற்களையும் ஆளாளுக்கு மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். உண்மையில் வேறுபாடு உண்டா ஐயா? – முதுகலை வரலாறு மாணவி, மதுரை

உண்டு அம்மா. உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள கீழடியையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழகத் தொல்லியல் துறையின் 2019 அறிக்கைக்காகக் கரித்துண்டுகள் அமெரிக்காவின் பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்குப் போயின. எலும்புகள் புனே டெக்கான் கல்லூரிக்கும், பானை ஓடுகள் இத்தாலியின் பைசா பல்கலைக்கழகத்துக்கும், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வேலூர் வி.ஐ.டி.க்கும் போயின. அவரவர் முடிவை அவரவர் எழுதி அனுப்ப, எல்லாவற்றையும் ஒரே அட்டைக்குள் தைத்தால் அது பல்துறை. ஒருவருடைய முடிவு இன்னொருவருடைய கேள்வியையே புரட்டிப் போட்டால் அது துறையிடை.

கீழடியில் இரண்டும் நடந்தன. 353 செ.மீ. ஆழத்துக் கரிக்கு கி.மு. 580 என்று காலம் வந்தது. அதை வைத்துத் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தின் காலத்தை கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்கு அந்த அறிக்கை கொண்டுபோனது. அதுவரை எழுத்தின் வடிவத்தைப் பார்த்துக் காலம் சொல்லிவந்த கல்வெட்டு அறிஞர்கள் மண்ணடுக்கையும் கரியையும் பற்றி வாதிட வேண்டியதாயிற்று. சிலர் ஏற்றார்கள், சிலர் இன்னும் ஏற்கவில்லை. சண்டை வந்தது நல்ல அடையாளம். எட்டு துறைகள் கூடியும் சண்டையே வரவில்லை என்றால் யாரும் யாருடைய கட்டுரையையும் படிக்கவில்லை என்றுதான் நினைப்பேன்.

வரலாறு படிப்பவனுக்கு அறிவியல் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? – ஆய்வு மாணவர், திருச்சி

கருவியை இயக்கத் தெரிய வேண்டாம். அது கொடுக்கும் எண்ணைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தால் போதும்.

கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும் என்பதைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் ஆய்வகம் அளப்பது நாட்காட்டி ஆண்டை அல்ல. மரவளையங்களைக் கொண்டு உருவாக்கிய ஒரு வளைகோட்டில் பொருத்திப் பார்த்த பிறகே ஆண்டு கிடைக்கிறது. கி.மு. 800 முதல் 400 வரை அந்தக் கோடு ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கிறது. ஹால்ஸ்டாட் சமவெளி என்பார்கள். அந்த நானூறு ஆண்டுகளுக்குள் விழும் எந்த மாதிரிக்கும் துல்லியமான ஒற்றை ஆண்டைச் சொல்ல முடியாது, ஒரு நீண்ட இடைவெளியைத்தான் சொல்ல முடியும். கி.மு. 580 விழுவது சரியாக அந்தச் சமவெளியில்தான். இது தெரிந்த வரலாற்று மாணவர் ஒரே ஒரு மாதிரியோடு நிறைவடைய மாட்டார். இன்னும் பல மாதிரிகளைக் கேட்பார், எந்த அடுக்கில் எடுத்தது என்றும் கேட்பார்.

இன்னொன்று: கரி சொல்வது மரம் வளர்ந்த காலத்தை, அடுப்பு எரிந்த நாளை அல்ல. நூறு வயது மரத்தின் வயிரத்தை, அதாவது முதிர்ந்த நடுக்கட்டையை, எரித்திருந்தால் காலம் நூறு ஆண்டு பின்னே போய்விடும். தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று காலம் வந்தபோது எனக்குக் கரியைவிட அதில் நம்பிக்கை பிறந்ததற்குக் காரணம் இதுதான். நெல் ஒரு போகத்துப் பயிர். அதற்கு முதிர்ந்த வயிரம் ஏது?

எங்கள் கல்லூரியில் பகுதி 4-இல் என்.எம்.இ. (பிற துறை விருப்பப் பாடம்) தாள் இருக்கிறது. வேறு துறை மாணவர்கள் மதிப்பெண்ணுக்காக வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். இதுவா துறையிடைக் கல்வி? – உதவிப் பேராசிரியர், விருதுநகர்

இல்லை. ஆனால் குறை மாணவர்களிடமும் இல்லை. நம் பாடத்திட்டக் குழுக்கள் அந்தத் தாளைத் தம் பாடத்தின் முதல் அத்தியாயத்தைச் சுருக்கிப் போடும் இடமாக்கிவிட்டன. வணிகவியல் மாணவருக்கு 'வேதியியல் அறிமுகம்' எதற்கு? உணவுக் கலப்படம் என்று வையுங்கள். பாலில் என்ன கலக்கிறார்கள், எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை நீங்கள் நடத்துங்கள். கலப்பவனுக்கு அதில் என்ன லாபம், சட்டம் என்ன தண்டனை தருகிறது என்பதை வணிகவியல் ஆசிரியர் நடத்தட்டும். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் இருக்க வேண்டும். ஒருவர் நடத்தும்போது மற்றவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

'வேலைப்பளுக் கணக்கில் அந்த மணிநேரம் யாருக்குச் சேரும்?' என்று முதல்வர் கேட்பார். என்னிடமும் கேட்டார்கள். அதற்கு விடை கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. நம் ஊரில் துறையிடைக் கல்வி முட்டி நிற்கும் இடம் பெரும்பாலும் கால அட்டவணைதான்.

மகளுக்கு இரண்டு மூன்று துறைகளைச் சேர்த்த புதிய பெயருள்ள பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. சேர்க்கலாமா? – ஒரு தந்தை, சேலம்

பாடம் நன்றாகவே இருக்கலாம். ஆனால் சேர்க்கைக்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: அரசு வேலைக்கு இந்தப் பட்டம் எந்தப் பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா? படிப்பை முடித்து, தேர்விலும் வென்ற பிறகு, சான்றிதழ் சரிபார்ப்பில் 'இணையானதல்ல' என்ற ஒரு சொல்லில் தடுக்கி விழுந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அரசாணை இல்லையென்றால், வழக்கமான பெயருள்ள பட்டத்தில் சேர்த்துவிட்டு, பிற துறைத் தாள்களை விருப்பப் பாடமாக எடுக்கச் சொல்லுங்கள். அறிவுக்குக் குறை வராது.

தமிழும் சூழலியலும் சேர்ந்த தலைப்பில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நெறியாளர் தமிழ்த் துறை. ஆய்வேட்டை யார் மதிப்பிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. – ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

பயம் நியாயமானது. என்னிடம் முதன்முதலில் ஆய்வு செய்த மாணவரின் ஏட்டைப் பார்த்த ஒரு தேர்வாளர் 'இது தொல்லியல்' என்று எழுதினார். இன்னொருவர் 'இது வேதியியல்' என்று எழுதினார். இருவருமே அதைக் குறையாகத்தான் எழுதினார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறைகளிலேயே, துறையிடைத் தலைப்புக்கு வெளித் துறையிலிருந்து இணை நெறியாளரை வைத்துக்கொள்ள இடம் இருந்தது. இப்போதே ஒரு தாவரவியலாளரைக் கேளுங்கள், கடைசி ஆண்டில் கேட்காதீர்கள். ஏட்டின் முதல் இயலில் எந்த முடிவை எந்தத் துறையின் அளவுகோலால் சோதித்தீர்கள் என்று வெளிப்படையாக எழுதுங்கள். குறிஞ்சித் திணைப் பாடலில் வரும் பூ இன்ன தாவரம் என்று சொல்கிறீர்களா? அங்கே தாவரவியல் சான்று வேண்டும், உரையாசிரியர் சொன்னார் என்பது போதாது. அந்தப் பூ ஏன் அந்த இடத்தில் வருகிறது என்கிறீர்களா? அங்கே நுண்ணோக்கி உதவாது.

நான் மென்பொருள் பொறியாளன். சிந்துவெளிக் குறியீடுகளைக் கணினியால் படித்துவிடலாம் என்று தோன்றுகிறது. எங்கிருந்து தொடங்கலாம்? – சென்னை

ஆசையை மெச்சுகிறேன். முதலில் 2009-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரையைப் படியுங்கள். கணினி அறிஞர் ராஜேஷ் ராவ், வானியற்பியலாளர் மயங்க் வாஹியா, கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் உள்ளிட்ட ஆறு பேர் எழுதியது. ஒரு குறியீட்டை அடுத்து இன்னொன்று வரும் ஒழுங்கை அளந்து, அது தாறுமாறாகவும் இல்லை, இறுகிப்போயும் இல்லை, மொழிகளுக்குரிய அளவில் இருக்கிறது என்றார்கள். பிறகு மொழியியலாளர் ரிச்சர்ட் ஸ்ப்ரோட்டின் மறுப்பைப் படியுங்கள். மொழியல்லாத குறிகளும் இதே எண்ணைத் தரலாமே என்றார் அவர். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

கணினிக்கு நீங்கள் ஊட்டப்போகும் பட்டியலும் ஒருவர் கண்ணால் பார்த்துத் தீர்மானித்ததுதான். மகாதேவன் 1977-இல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறிகள். இரண்டு மீன் குறிகள் ஒன்றா வெவ்வேறா என்பதில் வேறு அறிஞர்கள் வேறு முடிவெடுத்தால் எண்ணிக்கை மாறும், அதோடு உங்கள் விடையும் மாறும். ஆறு மாதம் முத்திரைகளின் படங்களோடு உட்காருங்கள். நிரல் எழுதுவது அப்புறம்.

இப்படிப் பல துறைகளில் கால் வைப்பது நுனிப்புல் மேய்வது ஆகாதா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

சொந்தத் துறையில் வேர் இல்லாமல் போனால் ஆகும்.

பணமே ஒதுக்காத சிறு கல்லூரி எங்களுடையது. திட்ட முன்மொழிவு எழுதினால் திரும்பி வந்துவிடுகிறது. – இணைப் பேராசிரியர், சிவகங்கை

உங்களுக்கு மட்டும் அல்ல. ஆஸ்திரேலிய ஆய்வு மன்றத்துக்கு ஐந்தாண்டுகளில் வந்த 18,000-க்கும் மேற்பட்ட முன்மொழிவுகளை அலசிய கட்டுரை ஒன்று 2016-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. துறையிடைத் தன்மை கூடக் கூட நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைந்தது என்பதே முடிவு.

பணம் வரும்வரை காத்திராதீர்கள். பக்கத்துக் கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். நீரை வேதியியல் துறை சோதிக்கட்டும். மடை, கலிங்கு, குமிழித் தூம்பு (கண்மாய்க்குள் இருக்கும் நீர் திறப்பு மதகு) என்ற சொற்களையும் தூம்புக் கல்வெட்டு இருந்தால் அதையும் தமிழ், வரலாற்றுத் துறைகள் படிக்கட்டும். ஊர்க்காரர்களே கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து எப்படி நடந்தது, எப்போது நின்றது என்று பொருளியல் மாணவர்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்கட்டும். பஸ் செலவு மட்டும்தான். ஆனால் மார்கழியில் போகாதீர்கள்; கண்மாய் நிறைந்திருந்தால் தூம்பின் அடிப்பகுதியெல்லாம் நீருக்குள் போயிருக்கும். சித்திரை வெயிலில் குடையோடு போங்கள்.