மகன் மேடை ஏறுகிறான், தடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை. தனக்குப் பெண்கள் மேல் நாட்டம் இல்லை, ஆண்களைத்தான் பிடிக்கிறது என்று இரண்டு வருடத்துக்கு முன்பு என்னிடம் சொன்னான். ரொம்ப அழுதேன். அப்புறம் மெல்ல மெல்ல மனசைத் தேற்றிக்கொண்டேன். அவன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. என் தம்பியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். இப்போது பிரச்சினை வேறு. இவனைப் போன்றவர்களுக்காக வேலை செய்யும் ஒரு குழுவில் சேர்ந்து, கூட்டம் நடத்துவது, கல்லூரிகளில் பேசுவது, ஜூன் மாத ஊர்வலத்தில் பதாகை பிடிப்பது என்று இருக்கிறான். ஃபேஸ்புக்கில் படத்தைப் பார்த்துவிட்டு என் நாத்தனார் போன் செய்து, "அண்ணி, இது நம்ம பையனா?" என்று கேட்டாள். வேறு யாராவது இருக்கும் என்று சமாளித்துவிட்டேன். தம்பியோ, "நல்ல டாக்டரிடம் காட்டு, இல்லை சீக்கிரம் ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டி வை" என்கிறான். அவன் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும், எதற்கு மேடை ஏற வேண்டும்? அந்தக் குழுவினர் யார்? நம்பலாமா? நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?
(பெயர் வெளியிட வேண்டாம், திருச்சி மாவட்டம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்தச் சொல்லாதீர்கள். கவலைப்படவும் கேள்வி கேட்கவும் அம்மாவுக்கு எப்போதும் உரிமை உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் "வேண்டாம்" என்று சொன்னால், அவன் வேலையை விட மாட்டான், உங்களிடம் சொல்வதைத்தான் விடுவான். இத்தனை வருடத்தில் எனக்கு வந்த கடிதங்களில் பல, மகனோ மகளோ பேச்சை நிறுத்திய பிறகு எழுதியவை. உங்கள் வீட்டில் இன்னும் பேச்சு இருக்கிறது.

யார் இவர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நேற்று முளைத்தவர்கள் இல்லை. சுனில் மேனன் சென்னையில் 'சகோதரன்' அமைப்பைத் தொடங்கியது 1998-ல். எச்.ஐ.வி. பயம் உச்சத்தில் இருந்த காலம் அது. ஆண்களோடு உறவுள்ள ஆண்கள், ஆஸ்பத்திரியில் டாக்டரிடம்கூட உண்மையைச் சொல்ல முடியாமல் தவித்தார்கள். 2003-ல் சென்னையில் சில நண்பர்கள் கூடிப் பேச ஆரம்பித்ததுதான் பிற்பாடு 'ஓரினம்' ஆனது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறார்கள், துணை தேடி வருபவர்களுக்குக் கூட்டங்கள் நடத்துகிறார்கள், சட்ட உதவிக்கு வழி காட்டுகிறார்கள். மதுரையில் 2011-ல் கோபி ஷங்கர் 'சிருஷ்டி மதுரை'யைத் தொடங்கினார். பிறகு 2016 சட்டமன்றத் தேர்தலில் மதுரை வடக்குத் தொகுதியில் வேட்பாளராகவே நின்றார். இவர்கள் எல்லாருக்கும் முன்னால் வழியில் கிடந்த முள்ளை மிதித்தவர்கள் நம் திருநங்கைகள். அவர்களுக்கு 2008-ல் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது. ஆணை விரும்பும் ஆணும் பெண்ணை விரும்பும் பெண்ணும் ஒளிந்துகொள்ள முடிந்தது, அதனால் ரொம்பக் காலம் ஒளிந்தே இருந்தார்கள்.

"எதற்கு மேடை ஏற வேண்டும்?" என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2009 ஜூன் 28 அன்று மெரினாவில் சென்னையின் முதல் வானவில் ஊர்வலம் நடந்தபோது, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு அப்படியே அமலில் இருந்தது. ஆணோடு ஆண் உறவு கொள்வதைக் குற்றமாக்கி, ஆயுள் தண்டனை வரை கொடுக்க இடமிருந்த பிரிவு. வழக்கு போட்டார்களோ இல்லையோ, அதைக் காட்டி மிரட்டிப் பணம் பறிப்பது நடந்துகொண்டே இருந்தது. அந்த நிலையிலும் முகத்தைக் காட்டி நடந்தவர்கள் இருந்தார்கள். நான்கே நாளில், ஜூலை 2 அன்று, டெல்லி உயர் நீதிமன்றம் இது குற்றமல்ல என்றது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுபடி போராடி, 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வில், இது குற்றமல்ல என்று தீர்ப்பு வாங்கினார்கள். உங்கள் மகன் உங்களிடம் மனம் திறந்தது அதற்குப் பிறகு. 2018-க்கு முன்னால் சொல்லியிருந்தால், உங்கள் அழுகையோடு போலீஸ் பயமும் சேர்ந்திருக்கும். அந்த ஒரு பயமாவது உங்களுக்கு இல்லாமல் போனதற்கு, யாரோ பெற்ற பிள்ளைகள் வெளியே வந்து நின்றதுதான் காரணம். அந்த வழக்குகளில் பெற்றோர்கள் சிலரும் தங்கள் பெயரிலேயே உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தார்கள்.

ஊர்வலம் வருடத்தில் ஒரு நாள். மற்ற நாளெல்லாம் இவர்கள் செய்வது வேறு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு போன் வரும். ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒரு பெண், தங்கையின் போனிலிருந்து குசுகுசுவென்று பேசுவாள். அவள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். இந்தப் பக்கம் இருப்பவர் பதறக் கூடாது. உனக்குப் பதினெட்டு வயசு ஆயிடுச்சா, ஆதார் கார்டும் பத்தாவது மார்க் ஷீட்டும் யார் கையில இருக்கு, அடிச்சாங்களா, இப்ப பேசறது உனக்குப் பத்திரமா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். வயதுக்கான அத்தாட்சி கையில் இருந்தால்தான் நாளைக்கு போலீஸ் ஸ்டேஷனில் "நான் மேஜர், என் விருப்பப்படிதான் வந்தேன்" என்று சொல்லி நிற்க முடியும். வக்கீலை எழுப்ப வேண்டும், தங்க இடம் பார்க்க வேண்டும். காலையில் இதே ஆள் தன் ஆபீஸுக்கும் போக வேண்டும். உங்கள் மகன் இருக்கும் குழுவில் இந்த மாதிரி வேலை நடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நடக்கிறது என்றால், அவனைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டியது நாத்தனார் பார்த்த படத்துக்காக இல்லை, அவன் தூக்கத்துக்காக.

இப்படி ஒரு வழக்கு நம் ஊரிலேயே சரித்திரமாகியிருக்கிறது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பி, வீட்டில் எதிர்ப்பு வர, சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர்கள் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தார்கள், போலீஸ் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கே விசாரிக்க வந்தது. தங்க இடமும் பாதுகாப்பும் ஏற்பாடு செய்தவர்கள் தொண்டு நிறுவனத்தினரும் இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களும்தான். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே இன்னும் முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, உளவியல் நிபுணரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டார். பெற்றோர்களையும் கவுன்சலிங்குக்கு அனுப்பினார். மகள் இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிடக் காலம் முழுக்கத் துணையே இல்லாமல் இருந்துவிட்டால் கௌரவமாக இருக்கும் என்று அந்தப் பெற்றோர்கள் நினைத்ததும் நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் "எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும்" என்று ஒரு வரி வருகிறதே, அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெற்றோர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். பாசம் இல்லாமல் சொன்னதில்லை அது, எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளையின் காதில் அது எப்படி விழும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

2021 ஜூன் 7 அன்று வந்த அந்த உத்தரவு உங்கள் தம்பிக்கும் பதில் சொல்கிறது. இவர்களை 'மாற்றுவதற்கு' சிகிச்சை என்ற பெயரில் எதையும் செய்யக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் சிகிச்சை செய்வது டாக்டரின் தொழில் ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆகவே, 'சரி பண்ணித் தருகிறேன்' என்று ஒரு டாக்டர் சொன்னால், அந்த வாசலை மிதிக்காதீர்கள்.

பெண் பார்க்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஒரு மகள் இருந்து, அவளுக்கு இப்படி உண்மையை மறைத்து ஒரு கல்யாணம் செய்துவைத்தால் பொறுப்பீர்களா? ஏதோ ஒரு வீட்டுப் பெண், தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்து வருடக்கணக்கில் தனியாக அழுவாள். அப்படி எழுதிய பெண்களின் கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. அந்தப் பாவத்தில் நீங்கள் பங்கு எடுக்க வேண்டாம்.

சரி, ஆபத்தே இல்லையா? இருக்கிறது. இணையத்தில் அசிங்கமாக எழுதுவார்கள். வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்லலாம். ஆனால் சட்டம் அவன் பக்கம் கொஞ்சம் வந்திருக்கிறது. 2022-ல் தமிழ்நாடு காவல் துறையினருக்கான நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதி சேர்த்தார்கள். இந்தச் சமூகத்தினரை மட்டுமல்ல, இவர்களுக்காக வேலை செய்பவர்களையும் எந்தப் போலீஸ்காரரும் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. உங்கள் மகன் இரண்டு வகையிலும் அதில் வருகிறான். விதி இருந்தும் எல்லா ஸ்டேஷனிலும் நடப்பதில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஆட்கொணர்வு வழக்கில், தன் தோழியோடு வாழ விரும்பிய 25 வயதுப் பெண் ஒருவரை போலீஸே பெற்றோருடன் வலுக்கட்டாயமாக அனுப்பி வைத்திருந்தது தெரிந்தது. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் போலீஸைக் கண்டித்து, அவர் விரும்பியவருடன் போகலாம் என்றார்கள். கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்க வழி என்றில்லை என்றும் எழுதினார்கள். ஏனென்றால் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இவர்களின் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. அதன் பிறகு 2024-ல் வந்த சின்னச் சின்ன மாற்றங்கள்தான் இப்போதைக்குக் கையில் இருப்பவை: கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், துணையை நாமினியாகப் போடலாம், ஒரே ரேஷன் கார்டில் சேரலாம். இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது. அதற்காகத்தான் உங்கள் மகன் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் இருப்பதில்லை.

அவனிடம் என்ன கேட்கலாம் என்று சொல்கிறேன். உனக்கு ஏதாவது ஆனால் எனக்கு யார் போன் பண்ணுவார்கள், அவர் நம்பரைக் கொடு என்று கேளுங்கள். உங்கள் குழுவுக்கு வக்கீல் இருக்கிறாரா, ஆபீஸில் யாருக்குத் தெரியும், ராத்திரி போன்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறீர்களா என்று கேளுங்கள். நல்ல குழு என்றால் இதற்கெல்லாம் அவனிடம் பதில் இருக்கும். பதில் இல்லாவிட்டால், நீங்கள் கேட்டதாலேயே யோசிப்பார்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்ற சந்தேகம் இருந்தால் அதையும் நேராகக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டான். இந்த வேலையில் இருப்பவர்களை, திட்டுகிறவர்களைவிட, சாகப் போகிறேன் என்று ராத்திரி அழைக்கிறவர்களின் பாரம்தான் அதிகம் அமுக்குகிறது. ஆகவே அவன் குரல் தளர்ந்திருந்தால், "இந்த வாரம் போனை வேறு யார்கிட்டயாவது குடுத்துட்டு ரெண்டு நாள் ஊருக்கு வா" என்று கூப்பிடுங்கள். மனநல உதவிக்கு அரசின் 14416 எண் இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறது. உங்களுக்கு மனசு ரொம்பக் கனத்தாலும் அதே எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நாத்தனாருக்கு விளக்கம் எதுவும் தேவையில்லை. மகனைக் கேட்டுக்கொண்டு, அவன் சரி என்றால், "ஆமா, நம்ம பையன்தான். எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லுங்கள். மேலே கேட்டால், அவனிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மா தடுமாறவில்லை என்று தெரிந்தால் பேசுகிறவர்களுக்கு பாதி சுவாரஸ்யம் போய்விடும்.

உங்கள் கணவர் விஷயம்தான் அவசரமானது. தம்பிக்குத் தெரியும், நாத்தனாருக்குப் பாதி தெரிந்துவிட்டது. அவர் காதுக்கு வேறு யார் வழியாகவோ போவதற்குள் மகன் வாயால் போக வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள், அது அவன் சொல்ல வேண்டியது. இப்படிப் படம் பரவுகிறது, அப்பாவிடம் எப்போது சொல்லப் போகிறாய் என்று இந்த வாரமே அவனைக் கேளுங்கள். அவன் ஊருக்கு வந்து சொல்கிற நாளில் நீங்கள் கூடத்தில் அவன் பக்கத்திலேயே உட்காருங்கள், சமையலறைக்குப் போய்விடாதீர்கள். கணவர் முதல் நாள் என்ன பேசினாலும் அதையே முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கே எத்தனை நாள் ஆனது என்று நினைத்துப் பாருங்கள். மும்பையில் 2017-ல் சில பெற்றோர்கள் சேர்ந்து 'ஸ்வீகார்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். 2023-ல் திருமண வழக்கு நடந்தபோது, எங்கள் பிள்ளைகளுக்கும் அந்த உரிமை வேண்டும் என்று நானூறுக்கு மேற்பட்ட பெற்றோர்கள் தலைமை நீதிபதிக்குக் கடிதமே எழுதினார்கள். சென்னையில் அப்படிப்பட்ட அம்மா அப்பாக்கள் யாரையாவது அறிமுகப்படுத்தச் சொல்லி மகனிடம் கேளுங்கள். உங்கள் கணவர் பேச வேண்டியது இன்னொரு அப்பாவிடம். நானோ நீங்களோ சொல்வதைவிட அது சீக்கிரம் ஏறும்.