மேப் இருக்கும்போது கைடு எதுக்கு?

அன்புள்ள அண்ணா,

வர்ற செப்டம்பர்ல நானும் மனைவியும் வியட்நாம் போறோம், அதுல வடக்கு மலைல இருக்குற சாப்பா டவுனுக்கு மூணு நாள் ஒதுக்கியிருக்கோம். மலை கிராமங்களுக்கு நடந்தே போகணும்னு ஆசை. கைடு வெச்சுக்கணுமா, இல்ல போன்ல ஆஃப்லைன் மேப் போட்டுட்டு நாங்களே போயிடலாமா? டவுன்ல இருந்தே மோங்ங்கிற மலைவாழ் இனத்துப் பொம்பளைங்க கூடவே நடந்து வந்து கடைசில பொருள் வாங்கலன்னா விடமாட்டாங்க, அது ஒரு ஏமாத்து வேலைன்னு நிறைய பேர் எழுதியிருக்காங்களே, நெஜமா? நாங்க சைவம், சாப்பாடு எப்படி?

ஆர்., ஈரோடு

அன்புள்ள தம்பி,

கைடு வெச்சுக்கோங்க. அதுவும் நீங்க நடக்கப்போற பள்ளத்தாக்குலயே பொறந்து வளர்ந்த ஒரு மோங் அக்காவா பாத்து வெச்சுக்கோங்க.

மேப்ல வழி இருக்கு, இல்லன்னு சொல்லல. சாப்பாவுல இருந்து லாவ் சாய், தா வான் கிராமங்களுக்கு கீழ இறங்குற வழி பத்து கிலோமீட்டர் சுமாருக்கு வரும், மேப்ப நம்பினா பெரும்பாலும் வண்டி ஓடுற ரோட்டுலயே போய் சேருவீங்க. ஊர்க்காரங்க நடக்குறது வயல் வரப்புல. முவாங் ஹுவா ஆத்தோட ரெண்டு பக்கமும் மலை உச்சி வரைக்கும் படிப்படியா வெட்டின வயல், அதுல எந்த வரப்பு கெட்டியா இருக்கு, எந்த வரப்ப இன்னைக்கு காலைல தண்ணி விட வெட்டியிருக்காங்க, எந்த வீட்டு நாய் கடிக்கும், இதெல்லாம் எந்த போனுக்கும் தெரியாது. வழிக்காக மட்டும் இதை சொல்லல தம்பி. கைடு இல்லாம போனா அந்த ஊரை வெளியில இருந்து போட்டோ எடுத்துட்டு வருவீங்க, கைடோட போனா அவங்க அத்தை வீட்டு அடுப்படில உக்காந்து டீ குடிப்பீங்க.

நான் மொத தடவ 2017ல போனப்போ டவுன்ல ஒரு ஏஜென்சில பணம் கட்டிட்டுப் போனேன். சாயங்காலம் பேச்சுவாக்குல எங்க கைடு அக்கா கிட்ட உங்களுக்கு எவ்ளோ தருவாங்கன்னு கேட்டேன், நான் கட்டினதுல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. மழைல நாள் முழுக்க எங்களை வழுக்காம கூட்டிட்டு வந்தவங்களுக்கு அவ்ளோதான். அன்னைக்கு ராத்திரி எனக்கு சரியா தூக்கமே வரல. அதுக்கப்புறம் போனப்பல்லாம் தா வான்ல ஹோம்ஸ்டே எடுத்து, அந்த வீட்டுக்காரங்க மூலமாவே ஆள் பேசி, பணத்தை நேரா அவங்க கையிலயே குடுத்துடுறேன். நீங்களும் அப்படியே பண்ணுங்க.

அந்த மொத தடவ வந்த கைடு அக்காவ பத்தி கொஞ்சம் சொல்றேன். அவங்க வீட்டுல பேசுறது மோங், ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தது வியட்நாமீஸ், அதையும் ரெண்டு வருஷத்துல விட்டுட்டாங்க, ஆனா இங்கிலீஷ் சரளமா பேசுனாங்க, எல்லாம் டூரிஸ்டுங்க கூட நடந்து நடந்தே கத்துக்கிட்டது, எழுதப் படிக்க வராது. நடக்கும்போதும் கை சும்மா இருக்காது, இடுப்புல சணல் மாதிரியான ஹெம்ப் நார் கத்தையா தொங்கும், ஒரு நாரோட நுனிய இன்னொண்ணோட சேத்து முறுக்கி முறுக்கி கையிலேயே சுத்திக்கிட்டே வருவாங்க, அதுதான் அப்புறம் தறிக்குப் போகும். ஒரு எறக்கத்துல எனக்கு கால் வழுக்கி, அவங்க சட்டைக் கைய இறுக்கிப் புடிச்சுட்டேன். எழுந்து பாத்தா என் உள்ளங்கை முழுக்க நீலம். புதுசா சாயம் போட்ட துணியாம், மழைல விடுதுன்னாங்க. இலையப் பீப்பாய்ல ஊற வெச்சு சுண்ணாம்பு கலந்து, துணிய நாள் கணக்குல முக்கி முக்கி காய வெக்கிறாங்க. அந்தச் செடி நம்ம ஊர் அவுரி இல்ல தம்பி, அது ஸ்ட்ரோபிலான்தஸ் இனம், அதாவது நம்ம நீலக்குறிஞ்சிக்கு நெருங்கின சொந்தம். இது தெரிஞ்சப்போ எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்த சொல்லத் தெரியல. மூணு நாள் அந்த நீலம் கையில இருந்து போகவே இல்ல.

இப்ப அந்த ஏமாத்து வேலை விஷயம். அந்த வார்த்தை எனக்கு வலிக்குது. அங்க குளிரு ஜாஸ்தி, வருஷத்துக்கு ஒரே ஒரு போகம்தான் நெல்லு, வெளையறது பெரும்பாலும் வீட்டுச் சாப்பாட்டுக்கே சரியாப் போகுது. காசுன்னு பாத்தா காட்டுக்குள்ள போடுற பெரிய ஏலக்காயும், டூரிஸ்டும்தான். டவுன்ல ஹோட்டல் வெச்சிருக்கிறது பெரும்பாலும் கீழ இருந்து வந்த கின் மக்கள், வியட்நாமோட பெரும்பான்மை இனம், அதனால மோங் பொம்பளைங்களுக்கு கையில இருக்கிறது ரெண்டே ரெண்டு, அவங்க நடையும் அவங்க தையலும். கூட வர்றவங்க கிட்ட டவுன்லயே சிரிச்ச முகமா, எங்களுக்கு கைடு இருக்காங்க, நாங்க எதுவும் வாங்கப் போறதில்லன்னு தெளிவா சொல்லிடுங்க, நிறைய பேர் திரும்பிடுவாங்க. சொல்லியும் வந்து, சேத்துல நாலு மணி நேரம் உங்க வீட்டம்மா கையப் புடிச்சு எறக்கி விட்டாங்கன்னா அது வேலை, வேலைக்குக் கூலி உண்டு. ஒரு சின்னப் பை வாங்குங்க, பேரம் பேசாதீங்க. ஆனா கொழந்தைங்க கிட்ட மட்டும் எதுவும் வாங்காதீங்க, எவ்ளோ கெஞ்சினாலும் சரி, காசு வந்தா அந்தப் புள்ளைங்க ஸ்கூலுக்குப் போகாது.

சாப்பாட்டுக்கு பயப்பட வேணாம். சாப்பாவுல எங்க பாத்தாலும் சௌசௌ பந்தல்தான், அந்தக் கொடியோட தளிரை பூண்டு போட்டு வதக்கித் தருவாங்க, அவ்ளோ ருசி. டோஃபு உண்டு, சோறு உண்டு. ஆனா பன்னிக் கொழுப்புல வதக்குறதும் மீன் சாஸ் ஊத்துறதும் அங்க சாதாரணம், அதனால முந்தின நாளே கைடு அக்கா மூலமா சொல்லி வெச்சிடுங்க, அவங்க அடுப்பு பக்கத்துலயே நின்னு பாத்துப்பாங்க.

செப்டம்பர்ல மொத பாதிலேயே போயிடுங்க, கடைசி வாரம்னா அறுப்பு முடிஞ்சு வெறும் தாள்தான் நிக்கும். ஷூ சேறுல போகும், ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலா எடுத்துக்கோங்க. கெளம்பும்போது உங்க கைடு அக்காவுக்கு "ஓ சாவ்"னு சொல்லுங்க, மோங்ல நன்றின்னு அர்த்தம்.